பிளைண்டில் ஒரு துளை: சிங்கப்பூர்க் குழாய் வேலையின் கதை

குழாயின் வாயை மூடப் போடும் வட்டமான எஃகுத் தட்டைப் பட்டறைகளில் பிளைண்ட் என்பார்கள். முழுப்பெயர் பிளைண்ட் ஃபிளேஞ்ச். மற்ற ஃபிளேஞ்சுகளுக்கு நடுவில் குழாய் பொருந்தும் கண் உண்டு; இதற்குக் கிடையாது. விளிம்பைச் சுற்றி நான்கு, எட்டு, பன்னிரண்டு என்று நான்கின் மடங்காகப் போல்ட் ஓட்டைகள் மட்டும் இருக்கும். குழாய் முனையிலுள்ள ஃபிளேஞ்சுக்கும் இதற்கும் நடுவே கேஸ்கெட்டை வைத்துப் போல்ட்டுகளை முறுக்கினால் பாதை அடைபட்டது.

அடைப்பதற்கென்றே செய்த அந்தத் தட்டில் சில வேளை துளை போட வேண்டி வருகிறது. குழாய்க்குள் அகப்பட்ட காற்றை வெளியேற்ற, தேங்கிய தண்ணீரை வடிக்க, அழுத்தமானி பொருத்த, சோதனைக்காக பம்பிலிருந்து தண்ணீர் ஏற்ற என்று காரணங்கள் பல. துளையைச் சுற்றி மரை வெட்டி, அதில் சிறு குழாயையோ வால்வையோ திருகுவார்கள். அரை மணி நேர வேலைதான். ஆனால் சிங்கப்பூரின் துறைமுகம், எரிவாயு, கடற்படைத் தளம், எண்ணெய் ஆலை என எல்லாத் தொழில்களும் இந்த அரை இஞ்சுத் துளையைக் கடந்தே வந்திருக்கின்றன. பல இடங்களில் மரை வெட்டும் டேப்பைத் திருகிய கை தமிழர் கை.

இங்கே மரை என்பது திருகின் நெளிவு. மரை போடுவது, மரை வெட்டுவது என்று பட்டறைத் தமிழ் சொல்கிறது. புத்தி தடுமாறியவனை ‘மரை கழன்றவன்’ என்று ஊரே சொல்லும் அளவுக்கு அந்தச் சொல் வீட்டுப் பேச்சில் ஊறிவிட்டது. பாடநூல்களில் இதற்குப் புரி என்று இன்னொரு பெயர். கயிற்றின் முறுக்குக்கும் சங்கின் வளைவுக்கும், வலம்புரி இடம்புரி என்று வழங்கும் அதே சொல்தான். ஓர் இஞ்சு நீளத்தில் எத்தனை சுற்று என்று எண்ணும்போது புரி என்பதே பொருத்தமாக இருக்கிறது.

குழாய்க்கு மரை வந்தது விளக்குக்காக. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் லண்டனில் எரிவாயு விளக்கு பரவியபோது, நெப்போலியன் போர்களில் மிஞ்சிய துப்பாக்கிக் குழல்களை ஒன்றோடொன்று திருகி எரிவாயுக் குழாயாகப் பயன்படுத்தினார்கள். ஆங்கிலேயப் பட்டறைகளில் இரும்புக் குழாயை நெடுங்காலம் ‘பேரல்’ என்றே அழைத்ததற்கு அதுதான் காரணம். 1825இல் கொர்னீலியஸ் வைட்ஹவுஸ் தகட்டைச் சூடாக்கி இழுத்து விளிம்புகளை ஒட்டிக் குழாயாக்கும் முறைக்குக் காப்புரிமை பெற்ற பிறகு குழாய் மலிவானது. மரை மட்டும் பட்டறைக்குப் பட்டறை வேறாக இருந்தது. ஒரு பட்டறையில் வாங்கிய வால்வு அடுத்த பட்டறையின் குழாயில் ஏறாது. ஜோசப் விட்வர்த் இங்கிலாந்தின் பல பட்டறைகளிலிருந்து திருகுகளைத் திரட்டி, அளந்து, சராசரி கண்டு, 1841இல் 55 பாகைக் கோணம் கொண்ட ஒரே மரையை முன்வைத்தார். பிரிட்டிஷ் குழாய் மரை பிறந்தது அந்தக் கோணத்திலிருந்துதான்.

அந்த மரை சிங்கப்பூருக்கு எரிவாயுவோடு வந்து சேர்ந்தது. காலாங் எரிவாயு ஆலை 1862இல் எழுந்தது. 1864 மே 24ஆம் தேதி நகரத் தெருக்களில் முதல் எரிவாயு விளக்குகள் எரிந்தன. சீனர்கள் அந்த வட்டாரத்தை ‘நெருப்பு நகரம்’ என்ற பொருளில் அழைத்தார்கள். தமிழர் குடியிருந்த சிராங்கூன் சாலையிலிருந்து நடந்தே போகும் தூரம். தெருவடியில் போன பெரிய வார்ப்பிரும்புக் குழாயிலிருந்து ஒவ்வொரு விளக்குக்கும் ஒவ்வொரு வீட்டுக்கும் கிளை எடுக்க, அந்த வார்ப்பிரும்பில் துளையிட்டு மரை வெட்ட வேண்டும். நகராட்சித் தண்ணீர்க் குழாய்களிலும் இதே வேலைதான். பிற்காலத்தில் எஃகு பிளைண்டில் செய்ததற்கு இந்த மண்ணில் முன்னோடி இதுவே. குழிக்குள் குனிந்தபடி, கையால் சுற்றும் துரப்பணத்தை வைத்து இதைச் செய்தார்கள்.

அப்போது சிராங்கூன் சாலை செங்கல் சூளையும் சுண்ணாம்புக் காளவாயும் மாட்டுக் கொட்டிலுமாக இருந்தது. ஸ்ரீ வீரமாகாளியம்மன் கோயில் இருக்கும் பகுதியைத் தமிழர்கள் சுண்ணாம்புக் கம்பம் என்றார்கள். சூளையிலும் கொட்டிலிலும் நகராட்சிக் கூலி வேலையிலும் இருந்த தமிழர்களுக்கு, தோண்டிய பள்ளத்தில் குழாய் இறக்கும் வேலை எட்டிப்பிடிக்கும் தூரத்தில் இருந்தது. பிரஸ் பாசா சிறைச்சாலையில் இந்தியக் கைதிகளுக்குக் கொல்லு வேலை, தச்சு வேலை, கல் வேலை எல்லாம் பழக்கினார்கள். 1873இல் அந்தக் கைதி முறை முடிவுக்கு வரும்வரை நகரத்தின் பல சாலைகளும் பெரிய கட்டடங்களும் அவர்கள் கையால் எழுந்தன. இரும்பை அடிக்கவும் துளைக்கவும் தெரிந்த இந்தியர்கள் நீராவிக் கப்பல்கள் பெருகுவதற்கு முன்பே இந்த ஊரில் இருந்தார்கள் என்பதைச் சொல்லாமல் விட்டால் கதை பாதியில் தொடங்கியதாகும்.

கப்பல் பட்டறைகளின் காலம் 1859இல் தொடங்குகிறது. பின்னாளில் கெப்பல் துறைமுகம் என்று பெயர் மாறிய புதுத் துறைமுகத்தில், கேப்டன் வில்லியம் கிளாட்டன் அமைத்த உலர்துறை அந்த ஆண்டு திறந்தது. தஞ்சோங் பகார் டாக் கம்பெனி 1864இல் அமைந்து 1868இல் விக்டோரியா டாக்கைத் திறந்தது. மறு ஆண்டு சூயஸ் கால்வாய் திறந்ததும் நீராவிக் கப்பல்கள் பெருகின. கொதிகலனும் நீராவிக் குழாயும் இருக்கும் கப்பலுக்குத் துறைமுகத்துக்குத் துறைமுகம் பழுதுபார்ப்பு தேவை. 1865இல் தொடங்கிய ரைலி ஹார்கிரீவ்ஸ் நிறுவனமும் ஹோவர்த் எர்ஸ்கின் நிறுவனமும் 1912இல் இணைந்து யுனைடெட் எஞ்சினியர்ஸ் ஆயின. தஞ்சோங் பகாரில் சரக்கு ஏற்றி இறக்கிய தமிழர்கள் பலர். அவர்களில் சிலர் பட்டறைக்குள் சம்மட்டியாளாகவும் ஃபிட்டருக்கு எடுபிடியாகவும் நுழைந்தார்கள்.

அந்தக் கப்பல்களில் ஃபிளேஞ்சுக்கு அளவுப் பட்டியல் கிடையாது. ஒவ்வொரு கப்பல் கட்டுநரும் தம் விருப்பப்படி ஓட்டை போட்டிருப்பார். கிளாஸ்கோவில் கட்டிய கப்பலின் நீராவிக் குழாய்க்குச் சிங்கப்பூரில் பிளைண்ட் செய்ய வேண்டுமானால் முதலில் அச்சு எடுக்க வேண்டும். கேஸ்கெட் அட்டையைக் குழாய் முனை ஃபிளேஞ்சின் மேல் விரித்து, உருண்டைத் தலைச் சுத்தியலால் ஓட்டைகளின் விளிம்பில் தட்டினால் அட்டை அந்த அளவுக்கே அறுந்து ஓட்டையாகும். அந்த அட்டையைத் தட்டின் மேல் வைத்துக் குறி போடுவார்கள். படிப்பறிவு வேண்டாத, ஆனால் கண்ணும் கையும் பிசகாத வேலை. வரைபடம் கிடைக்காத பழைய கப்பல்களில் இன்றும் இந்தத் தட்டல் கேட்கிறது. 1901இல் லண்டனில் அமைந்த பொறியியல் தரக் குழு, அந்த முதல் பத்தாண்டிலேயே ஃபிளேஞ்சுக்கும் குழாய் மரைக்கும் அட்டவணை வெளியிட்டது. பிரிட்டிஷ் கொடி பறந்த துறைமுகங்களுக்கெல்லாம் அதுவே சட்டம் போல ஆயிற்று.

துளையிடும் கருவியும் மெல்லத்தான் மாறியது. தட்டையான நுனி கொண்ட பழைய துரப்பண ஊசிகளின் இடத்துக்கு ஸ்டீபன் மோர்ஸ் 1863இல் காப்புரிமை பெற்ற முறுக்கு ட்ரில் வந்தது. அதன் இரு பள்ளங்கள் வழியாக இரும்புச் சுருள் தானாக மேலே ஏறி வெளியே வரும். மின்சாரம் இல்லாத இடத்தில் ராச்செட் பிரேஸை முன்னும் பின்னும் ஆட்டி, பின்னாலிருந்து திருகால் அழுத்தி, ஒரு துளைக்கு நெடுநேரம் செலவழித்தார்கள்.

1938 பிப்ரவரி 14ஆம் தேதி செம்பவாங்கில் ஆறாம் ஜார்ஜ் மன்னர் உலர்துறை திறந்தது. ஆயிரம் அடி நீளம். அக்காலத்தில் உலகின் மிகப் பெரிய உலர்துறைகளில் ஒன்று. தமிழர்கள் ‘நேவல் பேஸ்’ என்றே அழைத்த இந்தக் கடற்படைத் தளம் மலையாளிகளுக்கும் தமிழர்களுக்கும் பெரிய வேலைக்களமாயிற்று. குடியிருப்பு, பள்ளி, கோயில், கடை எல்லாம் வேலி ஓரத்திலேயே முளைத்தன. இன்று யீஷூனில் பங்குனி உத்திரத்துக்குப் பெயர்பெற்ற புனித மரம் ஸ்ரீ பாலசுப்பிரமணியர் ஆலயம் தளத்தின் தொழிலாளர்கள் வழிபட்ட மரத்தடியிலிருந்து வளர்ந்தது.

தளத்தின் முறை பயிற்சி முறை. எடுபிடியாகச் சேர்ந்த பையன் முதலில் அரத்தைப் பிடிக்கவும் எண்ணெய் ஊற்றவும் பழகுவான். அதற்குப் பிறகே டேப்பைத் தொட விடுவார்கள். பிரிட்டிஷ் போர்க்கப்பலில் எல்லாம் விட்வர்த் மரை. ஆகவே அங்கே கற்றவனுக்கு மரை என்றால் 55 பாகைதான். 1968இல் பிரிட்டன் படைகளை விலக்கிக்கொள்வதாக அறிவித்ததும் உலர்துறை செம்பவாங் ஷிப்யார்டு என்ற வணிக நிறுவனமாயிற்று. போர்க்கப்பலுக்குப் பழகிய கைகள் எண்ணெய்க் கப்பல்களுக்குத் திரும்பின.

கருவி வாங்கப் போக வேண்டிய இடம் ஜாலான் புசார். சிராங்கூன் சாலைக்கு இணையாக ஓடும் அந்தச் சாலையிலும் அதன் கிளைத் தெருக்களிலும் இரும்புச் சாமான் கடைகளும் வண்டி உதிரிபாகக் கடைகளும் நிறைந்திருந்தன. பெரும்பாலும் சீனர் கடைகள். விலை பேசியது பஜார் மலாயில். அளவு சொன்னது இஞ்சில். அருகே 1930களில் உருவான சுங்கை ரோடு பழைய சாமான் சந்தையில் இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு பிரிட்டிஷ் படைகளிடமிருந்து வந்த பொருள்களும் விற்பனைக்குக் குவிந்தன. நல்ல எஃகுக் கருவி அங்கே குறைந்த விலையில் கிடைத்தது. ஞாயிற்றுக்கிழமை தேக்காச் சந்தையில் மீனும் கறியும் வாங்க வந்த ஃபிட்டர் அப்படியே இந்தத் தெருக்களையும் ஒரு சுற்றுச் சுற்றிப் போவது இயல்பாக இருந்தது.

வேலையின் நுணுக்கம் குறிபோடுவதில் தொடங்குகிறது. பிளைண்டுக்கு நடுக்கண் இல்லாததால் மையம் எங்கே என்று கண்ணால் தெரியாது. எதிரெதிர் போல்ட் ஓட்டைகளின் மையங்களை இணைத்து இரண்டு கோடு கிழித்தால் அவை வெட்டும் இடம் மையம். சுண்ணக்கட்டி தேய்த்து, ஸ்கிரைபரால் கோடு இழுத்து, சென்டர் பஞ்சை வைத்து ஓர் அடி. அந்தச் சிறு குழிதான் ட்ரில்லின் நுனியை வழுக்காமல் பிடித்துக்கொள்ளும்.

ஆனால் துளை எப்போதும் மையத்தில் வராது. படுத்திருக்கும் குழாயில் தண்ணீர் ஏற்றினால் காற்று மேல்பக்கம் ஒதுங்கும். மையத்தில் துளை இருந்தால் குழாயின் மேல்பாதிக் காற்று வெளியேற வழியில்லை. அதனால் காற்றுப்போக்கியின் துளை மையத்துக்கு மேலே, குழாயின் உட்சுவரை ஒட்டி வர வேண்டும். அதற்கும் எல்லை உண்டு. நான்கு இஞ்சுக் குழாயின் உள்விட்டம் ஏறக்குறைய 102 மில்லிமீட்டர். அரை இஞ்சு மரைத்துளை மட்டும் 21 மில்லிமீட்டர் அகலம் எடுக்கும். ஆக மையத்திலிருந்து 40 மில்லிமீட்டருக்கு மேல் நகர்த்த முடியாது. அதைத் தாண்டினால் துளை கேஸ்கெட் உட்காரும் முகத்தைத் தின்றுவிடும், தட்டு வீண்.

அரை இஞ்சு என்ற பெயரே புதியவரை ஏமாற்றும். அரை இஞ்சுக் குழாயின் வெளிவிட்டம் 21.3 மில்லிமீட்டர், எங்கு அளந்தாலும் அரை இஞ்சு வராது. ஆரம்ப காலத்துத் தடித்த இரும்புக் குழாயின் உள்விட்டத்தை வைத்து இட்ட பெயர் அது. பின்னர் சுவர் மெலிந்தது. மரை வெளிப்பக்கம் வெட்டப்படுவதால் வெளிவிட்டத்தை மாற்ற முடியவில்லை, பெயரும் ஒட்டிக்கொண்டது. 1970களில் சிங்கப்பூர் மெட்ரிக் அளவுக்கு மாறியபோது கிலோவும் லிட்டரும் கடைத்தெருவை வென்றன. குழாய்ப் பட்டறையில் இஞ்சு அசையவில்லை.

பின்னாளில் எண்ணெய் ஆலைகளோடு வந்த அமெரிக்க மரையில் அரை இஞ்சு டேப்புக்கு 23/32 இஞ்சு ட்ரில், அதாவது 18 மில்லிமீட்டரைக் கொஞ்சம் தாண்டிய அளவு. ஒரே மூச்சில் அந்த ட்ரில்லை இறக்கக் கூடாது. சிறு ட்ரில்லில் முன்துளை போட்டு, பிறகு பெரிதாக்க வேண்டும். அதன்பின் டேப். போல்ட் மரைக்கான கை டேப் மூன்று கொண்ட தொகுதியாக வரும். குழாய் டேப் தனி ஒன்றாகவே வரும். ஏனெனில் அது கீழ்நோக்கிக் குறுகும் கூம்பு. 16க்கு 1 என்ற சரிவு. உள்ளே இறங்க இறங்கத் துளை அகலும். அரைச் சுற்று முன்னே, கால் சுற்றுப் பின்னே. பின்னே திருப்பும்போது ‘டக்’கென்று இரும்புச் சுருள் முறிவதைக் கை உணரும். எண்ணெய் விடாமல் திருகினால் மரையின் முதுகு கிழியும். துருப்பிடிக்காத எஃகில் இன்னும் கவனம் வேண்டும். மெதுவாக, ஆனால் அழுத்தத்தை விடாமல் துளைக்க வேண்டும். வெட்டாமல் தேய்த்தால் அந்த எஃகு தேய்ந்த இடத்திலேயே இறுகிப்போகும். அப்புறம் எந்த ட்ரில்லும் ஏறாது.

எங்கே நிறுத்துவது என்பதுதான் கைத்திறன். கூம்பு மரையில் ஒரு சுற்று கூடிப் போனால் துளை பெரிதாகிவிட்டது. வெட்டிய இரும்பை மீண்டும் ஒட்ட முடியாது. அளவுக்கட்டை இருந்தால் அதைத் திருகிப் பார்ப்பார்கள். இல்லாவிட்டால் நிப்பிள் எனும் நல்ல மரையுள்ள சிறு குழாய்த் துண்டு ஒன்றைக் கையால் திருகுவார்கள். நாலு, நாலரைச் சுற்றில் தானாக நின்றால் சரி; ஸ்பேனர் போட்டால் மேலும் இரண்டு மூன்று சுற்று இறுகும். தளதளவென்று ஏழெட்டுச் சுற்று உள்ளே போனால் அந்த மரை கசியும். அதை முக்கால் இஞ்சாகப் பெரிதாக்கலாம், அல்லது பழைய இரும்புக்குப் போடலாம். மூன்றாவது வழி கிடையாது. கசிவை அடைக்க அன்று சணலும் ஈய வெள்ளைக் களிம்பும். 1938இல் அமெரிக்காவில் தற்செயலாகக் கண்டறிந்த டெஃப்ளான், பின்னர் மெல்லிய நாடாவாகி ஒவ்வொரு ஃபிட்டரின் சட்டைப்பைக்கும் வந்தது. எந்த நாடாவும் கெட்ட மரையை நல்ல மரையாக்காது.

1961இல் புலாவ் புக்கோம் தீவில் ஷெல் நிறுவனத்தின் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலை திறந்ததும் வேலையின் அளவும் தன்மையும் மாறின. 1891 முதலே மண்ணெண்ணெய்க் கிடங்காக இருந்த தீவு அது. சிங்கப்பூரின் முதல் சுத்திகரிப்பு ஆலை. அடுத்த பத்துப் பதினைந்து ஆண்டுகளில் ஜூரோங், புலாவ் ஆயர் சாவான், புலாவ் மெர்லிமாவ் என்று ஆலைகள் வரிசையாக எழுந்தன. எண்ணெய்த் தொழிலின் மொழி அமெரிக்க மொழி. ஃபிளேஞ்சுகள் 150, 300, 600 என்று வகுப்பு வகுப்பாக வந்தன. தொழிலாளர் பேச்சில் அவை ‘150 பவுண்டு’, ‘300 பவுண்டு’. மரையோ பிலடெல்பியாவின் ராபர்ட் பிரிக்ஸ் 1860களில் வகுத்து, 1886இல் அமெரிக்கத் தொழிலகங்கள் ஏற்றுக்கொண்ட 60 பாகை மரை: என்.பி.டி.

1963இல் ஜப்பானின் ஐ.எச்.ஐ. நிறுவனத்தோடு கூட்டாக ஜூரோங் ஷிப்யார்டு தொடங்கியது. அத்தோடு ஜப்பானிய அளவுகளும் வந்தன. ஜப்பானியக் குழாய் மரை பிரிட்டிஷ் மரையின் வழி வந்தது, 55 பாகை. ஃபிளேஞ்சு மட்டும் அவர்களுக்கே உரிய கணக்கில். ஆக 1970களில் சிங்கப்பூர் ஃபிட்டரின் கருவிப்பெட்டியில் மூன்று நாட்டுக் கணக்கு கலந்து கிடந்தது.

இந்தக் கலப்பு ஆபத்தானது, ஏனென்றால் வேறுபாடு கண்ணுக்குத் தெரியாது. அரை இஞ்சிலும் முக்கால் இஞ்சிலும் பிரிட்டிஷ் மரைக்கும் அமெரிக்க மரைக்கும் ஓர் இஞ்சுக்கு அதே 14 புரி. ஒன்றை மற்றொன்றில் திருகினால் ஏறும், இறுகும், சரியாக இருப்பது போலவே தோன்றும். கோணம் ஐந்து பாகை விலகி நிற்பதால் புரிகளின் நடுவே நூலிழை இடைவெளி சுற்றிச் சுற்றி ஓடும். அழுத்தம் ஏறியதும் அதன் வழியே எண்ணெய் கசியும். கால் இஞ்சில் 19க்கு 18. ஓர் இஞ்சில் 11க்கு பதினொன்றரை. அங்கே ஓரிரு சுற்றிலேயே மாட்டிக்கொள்வதால் தவறு உடனே தெரிந்துவிடும். அறவே பொருந்தாதது பிழைக்க வைக்கும். ஏறக்குறையப் பொருந்துவதுதான் கவிழ்க்கும்.

ஃபிளேஞ்சிலும் அப்படியே. இரண்டு இஞ்சு அமெரிக்க 150 வகுப்பு ஃபிளேஞ்சின் போல்ட் வட்டம் 120.7 மில்லிமீட்டர். அதற்கு நிகரான ஜப்பானிய 10கே ஃபிளேஞ்சுக்கு 120. நான்கு போல்ட்டும் நுழைந்துவிடும். நான்கு இஞ்சுக்குப் போனால் 190.5க்கு 175, கிட்டவே வராது. இரண்டு இஞ்சில் பழகியவன் நான்கு இஞ்சுக்கும் ஜப்பானிய பிளைண்டைத் தூக்கிக்கொண்டு கப்பலின் அடித்தளம் வரை போய்த் திரும்பி வந்த கதை எந்த யார்டிலும் கிடைக்கும்.

துளைப்பதைப் பட்டறையிலேயே முடித்துக்கொண்டு வருவதற்கு வலுவான காரணம் உண்டு. ஓடும் ஆலையிலோ எண்ணெய் ஏற்றிய கப்பலிலோ தீப்பொறி எமன். 1978 அக்டோபர் 12 அன்று ஜூரோங் ஷிப்யார்டில் பழுதுபார்ப்புக்காக நின்ற கிரேக்க எண்ணெய்க் கப்பல் ஸ்பைரோஸ் வெடித்தது. வெட்டு டார்ச்சின் பொறி எரிபொருள் தொட்டியில் தேங்கிய ஆவியைப் பற்றவைத்தது. 76 பேர் இறந்தனர். சிங்கப்பூரின் தொழில் வரலாற்றில் இதைவிடக் கொடிய விபத்து அமைதிக்காலத்தில் நடந்ததில்லை. பல இனத்து உழைப்பாளிகளின் குடும்பங்களை அது ஒரே பிற்பகலில் உலுக்கியது.

வால்வை மூடிவிட்டால் குழாய் அடைபட்டது என்று நம்பக் கூடாது என்பது இந்தத் தொழிலின் முதல் பாடம். வால்வு உள்ளுக்குள் கசியலாம். தெரியாமல் ஒருவர் திறந்துவிடலாம். இடையில் பிளைண்டைப் போட்டு போல்ட்டை இறுக்கினால்தான் மறுபுறம் இறங்கும் ஆளின் உயிருக்கு உத்தரவாதம். ‘பிளைண்ட் போட்டாச்சா?’ என்ற கேள்விக்குப் பதில் வராமல் வேலையைத் தொடங்க அனுமதிக்கும் பெர்மிட்டில் கையெழுத்து விழாது. பிளைண்டில் வெட்டிய மரைத்துளைக்கும் இங்கே வேலை உண்டு. அதில் சிறு வால்வு பொருத்தியிருந்தால், போல்ட்டைக் கழற்றுமுன் உள்ளே அழுத்தம் மிச்சமிருக்கிறதா என்று மெல்லத் திறந்து பார்த்துக்கொள்ளலாம்.

இந்தத் துளை மிகுதியாகப் பயன்படுவது ஹைட்ரோ டெஸ்ட் என்னும் நீர்ச் சோதனையில். புதிதாக வெல்டிங் செய்த குழாய்த் தொடரின் இரு முனையிலும் மரைத்துளை கொண்ட பிளைண்டுகளை மாட்டி, கீழ்ப்பக்கத் துளை வழியே தண்ணீர் ஏற்றி, மேல்துளை வழியே காற்றை விரட்டுவார்கள். காற்று முழுதும் போய் தண்ணீர் தடையில்லாமல் வழிந்த பிறகே மேல்வால்வை மூடுவது. அப்புறம் வடிவமைப்பு அழுத்தத்தைப் போல ஒன்றரை மடங்கு. தண்ணீர் அமுங்காது, ஏதாவது விட்டுப்போனால் ஒரு சீறலோடு அழுத்தம் இறங்கிவிடும். காற்று அமுங்கும், அமுங்கியது விடுபட்டால் பிளைண்டையே பீரங்கிக் குண்டு போல எறியும். அழுத்தமானியைப் பார்க்கும் ஆள் பிளைண்டுக்கு நேரே நிற்காமல் பக்கவாட்டில் நிற்பது இதனால்தான். புதிதாகச் சேர்ந்தவருக்கு மூத்தவர்கள் முதலில் சொல்லிக்கொடுப்பதும் இதுவே: ‘தம்பி, நேரா நிக்காதே.’

நிரந்தரக் குழாய்த் தொடரில் மரைத்துளைக்கு இன்று இடம் சுருங்கிவிட்டது. அதிர்வு இருக்கும் இடத்தில் புரியின் அடியிலிருந்து விரிசல் தொடங்கும். அரிக்கும் திரவம் புரி இடுக்கில் தங்கித் தின்னும். ஆகவே ஆபத்தான திரவம் ஓடும் குழாய்களில் வெல்டிங் இணைப்பையே கேட்கிறார்கள். சோதனை பிளைண்டுகள் மட்டும் வேலைக்கு வேலை கை மாறி, பல முறை பயன்பட்டு, மரை தேயும்வரை உழைக்கின்றன.

1970களின் பிற்பகுதியிலிருந்து உள்ளூர் ஆள் போதாமல் இந்தியா, வங்காளதேசம் போன்ற நாடுகளிலிருந்து தொழிலாளர்களை எடுக்கத் தொடங்கியது சிங்கப்பூர். தமிழ்நாட்டில் அதற்கு ஆயத்தமான கைகள் இருந்தன. திருச்சிக்கு அருகே 1965இல் தொடங்கிய பெல் கொதிகலன் தொழிற்சாலையைச் சுற்றி, துவாக்குடிப் பக்கம் நூற்றுக்கணக்கான சிறு பட்டறைகள் வளர்ந்தன. உயர் அழுத்தக் குழாயும் ஃபிளேஞ்சும் அங்கே அன்றாடப் பேச்சு. ஐ.டி.ஐ.யில் ஃபிட்டர் படித்து, துவாக்குடியில் இரண்டு வருடம் தேய்ந்து, தேர்வு மையத்தில் கைத்திறன் காட்டி, திருச்சி விமான நிலையத்திலிருந்து நேரே சாங்கிக்கு வந்திறங்குவது ஒரு தலைமுறையின் பாதையாயிற்று. அந்தப் பாதைக்குக் கட்டிய ஏஜண்டுக் கட்டணத்துக்காக விற்ற நகையும் அடகு வைத்த வயலும் இந்த வரலாற்றின் பகுதிதான். முதல் வருடச் சம்பளம் முழுவதும் கடனுக்கே போன வீடுகள் புதுக்கோட்டை, தஞ்சை மாவட்டங்களில் ஏராளம்.

அவர்களில் பலர் போய்ச் சேர்ந்த இடம் ஜூரோங் தீவு. ஏழு சிறு தீவுகளைக் கடல்மண் கொட்டி ஒன்றாக்கி, 2000 அக்டோபரில் திறந்த பெட்ரோகெமிக்கல் தீவு. அங்கே பிளைண்டைக் கையால் துளைப்பவர் குறைவு. எஃகில் காந்தமாய் ஒட்டிக்கொண்டு நிற்கும் மேக்னட் ட்ரில் சில நிமிடங்களில் துளையை முடிக்கிறது. பட்டறையில் கணினி இயந்திரம் மரையையும் தானே வெட்டுகிறது. இருந்தும், ஆலையை நிறுத்திப் பழுதுபார்க்கும் ஷட்டவுன் நேரத்தில் நள்ளிரவில் ஒரு துளை கூடுதலாக வேண்டும் என்றால் டேப்பையும் கைப்பிடியையும் எடுத்து வர ஒருவர் வேண்டும். கடைசிச் சுற்றில் நிறுத்தத் தெரிந்த ஒருவர்.

பழைய இடங்கள் ஒவ்வொன்றாக மறைந்தன. காலாங் எரிவாயு ஆலை 1998இல் மூடியது. சுங்கை ரோடு சந்தையின் கடைசி நாள் 2017 ஜூலை 10. ஜாலான் புசாரை ஒட்டிய டிர்விட் ரோட்டில் பழைய இரும்புச் சாமான் கடைக் கட்டடம் ஒன்று 2012இல் காப்பிக் கடையாயிற்று. ‘ஹார்ட்வேர்’ என்ற சொல்லைப் பெயரில் மட்டும் வைத்துக்கொண்டிருக்கிறது. செம்பவாங், ஜூரோங், கெப்பல் என்று தனித்தனியே நின்ற யார்டுகளின் வழிவந்த தொழில் 2023இல் ஒரே நிறுவனத்தின் கீழ் வந்தது.

சிங்கப்பூரிலோ தமிழ்நாட்டிலோ ஓய்வுபெற்ற ஃபிட்டர் இருக்கும் வீட்டில், பரண்மேல் எண்ணெய்த் துணியில் சுற்றிய ஒரு டேப் கிடக்க வாய்ப்பு உண்டு. எடைக்குப் போடும் முன் அதன் தண்டைத் துடைத்துப் படிக்க வேண்டும். பி.எஸ்.பி. என்று பொறித்திருந்தால் பிரிட்டிஷ் கணக்கு, பி.டி. என்றிருந்தால் ஜப்பானிய யார்டு, என்.பி.டி. என்றிருந்தால் எண்ணெய் ஆலை. பெரியவர் உயிரோடு இருக்கும்போதே அதை எங்கே, எந்த வருடம் பயன்படுத்தினார் என்று கேட்டு ஒரு தாளில் எழுதி, அந்தத் துணிக்குள்ளேயே வைத்துவிடுங்கள்.